பசை வாளியும் பாதி ராத்திரியும்

கறிக்கடையில் போய் சுவரொட்டி என்று கேட்டால் ஆட்டு மண்ணீரலைத் தருவார்கள். சுவரில் வீசினால் அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் அந்தப் பெயர். காகிதத்தில் அச்சாகும் சுவரொட்டியை அந்தப் பெயரில் அழைப்பது பத்திரிகைகளும் காவல்துறை நோட்டீசும்தான். அடிப்பவருக்கும் ஒட்டுபவருக்கும் அது போஸ்டர், கொஞ்சம் பழைய ஆள் என்றால் வால்போஸ்டர்.

தமிழ்நாட்டுப் போஸ்டரைப் பற்றிப் பேசும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது அதன் ஆயுள். நல்ல இடத்தில் ஒட்டிய போஸ்டர் இரண்டு நாள் முழுசாகத் தெரிந்தால் அதிகம். அதைக் கொல்வது பெரும்பாலும் மழையும் இல்லை, மாநகராட்சியும் இல்லை. அடுத்த போஸ்டர்தான். காகிதம் ஏன் அவ்வளவு மெல்லிசு, பசை ஏன் வெறும் மைதா, ஏன் ராத்திரியில் ஒட்டுகிறார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறது. நாற்பது நாள் தாங்கும் போஸ்டர் அடிக்க யாராலும் முடியும். நாற்பது நாள் அதை வெளியே தெரியவிடுவதற்கு ஊரில் சுவர் கிடையாது.

பேப்பரில் ஆரம்பிக்கலாம். தெருப் போஸ்டருக்கென்றே இருக்கும் ரகம் எம்.ஜி. போஸ்டர் பேப்பர். எம்.ஜி.ஆருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மெஷின் கிளேஸ்டு என்பதன் சுருக்கம். ஆலையில் பளபளப்பான பெரிய உருளை ஒன்றின்மேல் ஒட்டி உலர்வதால் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகும், மறுபக்கம் சொரசொரப்பாகவே நிற்கும். வழவழப்பில் மை பிடிக்கும், சொரசொரப்பில் பசை பிடிக்கும். அந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல், கையில் இருக்கிறதே என்று இருபக்கமும் பூச்சு உள்ள ஆர்ட் பேப்பரில் அடித்தால், படம் கண்ணைப் பறிக்கும். ஆனால் பசைத்தண்ணீர் உள்ளே இறங்காது. விடிந்து வெயில் பட்டதும் நான்கு மூலையும் அப்பளம்போல் சுருண்டு எழும்பும்.

20×30 அங்குலம், 30×40 அங்குலம் இரண்டும் அதிகம் புழங்கும் அளவுகள். 60 ஜிஎஸ்எம் பேப்பர் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) என்றால் 20×30 ஷீட் ஒன்று சுமார் 23 கிராம், 30×40 அதன் இரு மடங்கு. ஆயிரம் பெரிய போஸ்டர் கிட்டத்தட்ட 46 கிலோ. டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்பக்கத்தில் பசை வாளி, பின்சீட்டில் ஆள், அவர் மடியில் போஸ்டர் கட்டு என்று கிளம்புகிறவர்களுக்கு இந்த எடை கணக்கு முக்கியம். பேப்பர் இன்னும் மெல்லிசானால் சுமை குறையும், ஆனால் நனைந்ததும் கிழியும். அதைவிட மோசம், அடியில் இருக்கிற பழைய போஸ்டரின் மீசை மேலே இருப்பவர் முகத்தில் தெரியும். ஐரோப்பாவில் இதற்காகப் பின்பக்கம் நீலச்சாயம் ஏற்றிய பேப்பரே விற்கிறார்கள். நம் ஊரில் அடர்த்தியான பின்னணி நிறம் போட்டு அடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். போஸ்டர்களில் மூலைமுடுக்கு விடாமல் கலர் நிரப்புவதை ரசனைக் குறைவு என்று சிரிக்கிறவர்கள் இதையும் யோசித்துப் பார்க்கலாம்.

பெரிய அளவில் வேண்டுமென்றால் ஷீட்டுகளைச் சேர்த்து ஒட்டுவார்கள். 30×40 ஷீட் நான்கைச் சேர்த்தால் 60×80 அங்குலம், அதில் ஒட்டு விழும் இடத்துக்கு அரை அங்குலம் போக மீதி. நாயகனின் கண்ணோ மூக்கோ ஷீட் சேருமிடத்தில் வரக்கூடாது என்பது வடிவமைப்பவருக்கு முதல் பாடம். இருட்டில், ஏணிமேல், ஒரு கையில் பிரஷ்ஷோடு ஒட்டுகிறவர் கால் அங்குலம் தப்பினால் முகத்தில் இரண்டு மூக்கு. இன்னொன்று, கீழ் ஷீட்டை முதலில் ஒட்டி மேல் ஷீட்டின் விளிம்பு அதன்மேல் படிகிற மாதிரி போட வேண்டும், ஓடு வேய்கிற முறை. மாற்றிப் போட்டால் மழைத்தண்ணீர் ஒட்டின் இடுக்கில் இறங்கி உள்ளேயிருந்து உரிக்கும்.

பசைதான் இந்தத் தொழிலின் சமையல். ஒரு கிலோ மைதாவுக்கு எட்டு லிட்டர் தண்ணீர். அதில் இரண்டு லிட்டரைப் பச்சைத்தண்ணீராக எடுத்து மைதாவைக் கட்டியில்லாமல் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். மீதி ஆறு லிட்டர் அடுப்பில் கொதி வந்த பிறகு, கரைசலை ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றி மறு கையால் கட்டை போட்டுக் கிண்ட வேண்டும். கொதிநீரில் வறண்ட மைதாவைக் கொட்டுவது புதியவர்கள் செய்கிற தப்பு. மாவு உருண்டையின் வெளிப்புறம் உடனே வெந்து தோல் கட்டிவிடும், உள்ளே பவுடராகவே இருக்கும். அந்த உருண்டை போஸ்டருக்கு அடியில் போனால் கொப்புளம், உலர்ந்தால் அந்த இடத்தில் பிடிப்பே இருக்காது.

வெந்ததா என்பதை நிறம் சொல்லும். பால்வெள்ளையாக இருந்தது கஞ்சிபோலக் கண்ணாடித்தன்மை அடையும். கட்டையைத் தூக்கினால் சொட்டாமல் நூலாக இறங்கும். அந்தக் கட்டத்தில் இறக்கிவிட வேண்டும். அடிப்பிடித்தால் பழுப்புத் துணுக்குகள் போஸ்டரில் கறையாகத் தெரியும். இறக்கிய பிறகும் அவ்வப்போது கிண்டாவிட்டால் மேலே ஏடு கட்டும், அது பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். மரவள்ளிக்கிழங்கு மாவிலும் பசை காய்ச்சலாம், பார்க்க இன்னும் தெளிவாக வரும். ஆனால் மைதாவிலுள்ள பசையம் (குளூட்டன்) கொடுக்கிற அந்த முதல் பிடி, கையால் அழுத்தியதும் வழுக்காமல் நிற்கிற பிடி, அதில் கொஞ்சம் குறைவு.

30×40 போஸ்டர் ஒன்றுக்கு 150 முதல் 200 மில்லி பசை போகும். நூறு போஸ்டருக்கு 15, 20 லிட்டர், அதாவது இரண்டு, இரண்டரை கிலோ மைதா. அதிகமாகக் காய்ச்சி நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. ஒரு பகல் வெயிலில் புளித்து நாறும். ஆறிய மாவுச்சத்து இறுகித் தண்ணீரைத் தனியாக விட்டுவிடும், மேலே நீர், கீழே கூழ். அந்தத் தண்ணீரில் ஒட்டினால் ஈரம் இருக்கிற வரைக்கும்தான் போஸ்டர் சுவரில்.

புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள். அதைப் பார்த்துத் தெருப் பசையிலும் போடுவது மகா தப்பு. மாடும் ஆடும் சுவரில் போஸ்டரைக் கிழித்துத் தின்பது காகித ருசிக்காக இல்லை, அடியிலிருக்கும் மைதாவுக்காக. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட், ஆட்டுக்குக் கொஞ்சம் போனாலே விஷம். இரண்டு நாள் ஆயுசுள்ள காகிதத்தைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

ஒட்டுகிற நேரம் இரவு பதினொன்றுக்கு மேல் விடியற்காலை நாலு வரை. பிடிபடக்கூடாது என்பது ஒரு காரணம்தான். பகலில் வெயிலேறிய செங்கல் சுவரில் பசை பூசிய நிமிடமே உலர ஆரம்பித்துவிடும். போஸ்டரை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்குக்கூடச் சுவர் சுடும், முதலில் தண்ணீர் அடித்துத் தணிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது காரணம்தான் தொழில்காரர்களுக்குப் பெரியது: கடைசியாக ஒட்டுகிறவன் போஸ்டரே காலையில் மேலே இருக்கும். வெள்ளிக்கிழமை படம் வெளிவருகிறது என்றால் வியாழன் இரவு முழுக்க இந்த ஓட்டம்தான். முதலில் முடித்தவர் தோற்றவர்.

இருவராகப் போனால் வேலை சீராக நடக்கும். ஒருவர் தென்னந்துடைப்பத்தாலோ பழைய பிரஷ்ஷாலோ சுவரின் தூசியைத் தட்டிப் பசை பூசுவார். மற்றவர் போஸ்டரின் மேல் விளிம்பை நேர்பிடித்து வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் தடவுவார். வெளியிலிருந்து உள்ளே தடவினால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். நனைந்த பேப்பர் விரியும், அதுவும் நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே அதிகமாக விரியும். ஒட்டி ஒரு நிமிடத்தில் நெட்டுக்குத்தாகச் சுருக்கம் விழுவது அதனால்தான். விவரமானவர்கள் பத்து, பதினைந்து போஸ்டரின் முதுகில் முன்கூட்டியே பசை தடவி, பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து அடுக்கிக்கொள்வார்கள். சுவருக்குப் போவதற்குள் பேப்பர் விரிய வேண்டியது விரிந்துவிடும், ஒட்டியபின் சுருக்கம் விழாது. கடைசியாகப் பசை பிரஷ்ஷாலேயே மேலே ஒரு பூச்சு. அது உலர்ந்து மெல்லிய தோலாகி விளிம்புகளை அமுக்கும். சுரண்டுகிறவர் நகத்துக்கும் பிடி கிடைக்காது.

ஒட்டுகிற காகிதம் எங்கிருந்து வருகிறது என்றால், சினிமாப் போஸ்டருக்கு நெடுங்காலமாக ஒரே பதில் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த வழியில் காலண்டர், பட்டாசுப் பெட்டி, சினிமாப் போஸ்டர் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. மழை குறைந்த வறண்ட ஊர் என்பதும் உதவியது. காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் பேப்பர் விரிந்து சுருங்கும். நான்கு நிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போது ஒன்று விலகினால் உதடு ஒரு பக்கமும் சிவப்பு ஒரு பக்கமும் நிற்கும்.

உள்ளூர்ப் போஸ்டர் வேறு உலகம். அது டிரெடில், சிலிண்டர் என்ற பழைய அச்சு மெஷின்களை வைத்திருந்த தெருமுனை அச்சகத்தில், பெரிய மர எழுத்துகளைக் கோர்த்து, மஞ்சள் பேப்பரில் கறுப்போ சிவப்போ ஒரே மையில் அடித்தது. ஆள் படம் வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் படத்தைச் செதுக்கி பிளாக் எடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு, தனி நாள். அதனால் அந்தக் காலத்துப் போஸ்டரில் எழுத்துதான் ராஜா. சினிமாவில் இதன் ஒட்டுண்ணி ஒன்று உண்டு: வண்ணப் போஸ்டர் எல்லா ஊருக்கும் பொது, அதன்மேல் குறுக்காக ஒட்டும் சீட்டு மட்டும் உள்ளூர் அச்சு. தியேட்டர் பெயர், ‘தினசரி 4 காட்சிகள்’, ‘வெற்றிகரமான 3-வது வாரம்’, அப்புறம் ஒருநாள் ‘இன்றே இப்படம் கடைசி’. போஸ்டரைத் தொடாமல் சீட்டை மட்டும் மாற்றி ஒரு படத்தின் மொத்த வாழ்க்கையையும் சுவரில் எழுதிவிடலாம்.

அரசியலில் ஒரு போஸ்டர் என்ன செய்யும் என்பதற்கு 1967-ஐத்தான் எல்லோரும் சொல்வார்கள், சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வருடம் ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். அடுத்த மாதமே சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் போஸ்டராகித் தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் ஏறியது. மேடையேறாமல் மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அந்த வெற்றிக்குப் போஸ்டர் மட்டும் காரணம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் இருந்த தேர்தல் அது. ஆனால் அந்தப் படத்தில் வாக்கியமே தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய கட்சிப் போஸ்டருக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது, அது எங்கும் எழுதப்படாதது. மேலே வட்டங்களுக்குள் மறைந்த தலைவர்கள், அவர்களுக்குக் கீழே ஆளுயரத்தில் இப்போதைய தலைவர், பக்கத்தில் கொஞ்சம் சிறிதாக மாவட்டம், அதைவிடச் சிறிதாக ஒன்றியம் அல்லது வட்டம். பணம் கொடுத்தவர் கீழே, ஆனால் கைபேசியைக் காதில் வைத்தபடியோ கும்பிட்டபடியோ, தலைவரைவிடத் தெளிவான படத்தோடு. இடது மூலையில் ‘இவண்’. பேச்சுத்தமிழில் செத்துப்போன இந்தச் சொல்லைப் போஸ்டர்தான் உயிரோடு வைத்திருக்கிறது. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்ற வரியும் அப்படித்தான். இவணுக்குக் கீழே வரும் பாஸ்போர்ட் போட்டோக்களின் அளவை மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால் அச்சகத்துக்காரருக்குத்தான் வம்பு. ஒருவர் பெயர் விட்டுப்போனது, ஒருவர் படம் பக்கத்திலிருப்பவரைவிடச் சிறுத்தது, துணைச்செயலாளர் செயலாளருக்கு மேலே போனது: மறுஅச்சு அடிக்க வைக்கிற மூன்று தவறுகளும் இவைதான். எழுத்துப்பிழைக்காக யாரும் மறுஅச்சு கேட்பதில்லை.

அந்த எழுத்துப்பிழைக்குப் பாதிக் காரணம் ஃபான்ட். வாட்ஸ்அப்பில் வாசகம் எல்லாக் கருவிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் வரும். அச்சகத்தில் பேஜ்மேக்கரோ பழைய கோரல் டிராவோ, அதில் ஸ்ரீலிபி மாதிரி தனிக்குறியீட்டு எழுத்துரு. அப்படியே ஒட்டினால் கட்டம்கட்டமாக வரும், அல்லது ‘கொ’வின் கொம்பு தனியாகக் கழன்று நிற்கும். மாற்றித்தரும் மென்பொருள் இருந்தாலும் அவசரத்தில் திரும்ப டைப் செய்துவிடுவார்கள், அங்கேதான் ‘மறைவு’ தேதியும் ‘தோற்றம்’ தேதியும் இடம் மாறுகின்றன.

இதில் மிக வேகமாக ஓட வேண்டியது கண்ணீர் அஞ்சலி. சாயங்காலம் உயிர் போனால் மறுநாள் மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள், அதற்குமுன் சுவரில் இருக்க வேண்டும். எனவே ஒரே நிறம், தயாராக வைத்திருக்கும் சட்டகம், கல்யாண ஆல்பத்திலிருந்தோ ஆதார் அட்டையிலிருந்தோ எடுத்த முகம். இடத்தேர்வும் வேறு. மெயின் ரோடு தேவையில்லை. வீட்டுத்தெரு, டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், பிறகு சுடுகாட்டுக்குப் போகிற வழி. இன்ன மணிக்கு எடுக்கிறார்கள் என்ற வரி பெரிதாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் இதை ஒரு தகவலாகப் படிக்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். இந்தப் போஸ்டர்மேல் அன்றைக்கு யாரும் ஒட்டமாட்டார்கள். காடாத்துச் சடங்கு முடிந்த பிறகு அந்த மரியாதையும் முடிந்தது.

சட்டம் ஒன்றும் புதிதில்லை. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டும் என்றது 1867-ஆம் வருடத்து வெள்ளைக்காரச் சட்டம், 2024-இல் அது விலக்கப்பட்டது. போஸ்டரின் அடிவிளிம்பில் எறும்பு ஊர்கிற அளவில் அச்சகப்பெயர் இருப்பது அந்தப் பழக்கம். தேர்தல் நேரத்துக்குத் தனி விதி உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவுப்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவர் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் போஸ்டர் அடித்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிவிளிம்பு காலியாக இருக்கும் போஸ்டரைத்தான் பத்திரிகைகள் மறுநாள் ‘மர்ம போஸ்டர்’ என்று எழுதும். தேர்தல் தேதி அறிவித்ததும் அரசுச் சுவர்களை 24 மணி நேரத்திலும், பஸ் நிலையம் போன்ற பொது இடங்களை 48 மணி நேரத்திலும், அனுமதியில்லாத தனியார் சுவர்களை 72 மணி நேரத்திலும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி.

வீட்டுக்காரர்களின் தற்காப்பு வேறு ரகம். ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. அந்த வாசகம் சுவர் வெறுமையாக இருக்கிறது என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. மும்மதச் சாமிப்படம் போட்ட டைல்ஸ் பதிப்பது கொஞ்சம் வேலை செய்கிறது. சிமென்டைத் துப்பி முள்ளுமுள்ளாகப் பூசிய சுவர் நன்றாகவே வேலை செய்கிறது, காரணம் பேப்பர் மேடுகளில் மட்டும் தொட்டு நிற்கும், காற்று உள்ளே புகுந்து உரித்துவிடும். சென்னை மாநகராட்சி 2009-இல் அண்ணா சாலையிலும் கடற்கரைச் சாலையிலும் போஸ்டரைத் தடுத்துச் சுவர்களில் ஓவியம் வரைந்தது. வரைந்த சுவர்கள் பிழைத்தன, போஸ்டர் அடுத்த தெருவுக்குப் போனது.

பழைய பஸ் நிலையச் சுவர் ஒன்றின் மூலையில் காகிதம் பிளந்து தொங்கும் இடத்தை நின்று பார்த்தால் இது எல்லாம் வரிசையாகத் தெரியும். மேலே பாதி முகத்தோடு ஒரு காதணி விழா. அதன் அடியில் ஒரு படத்தின் பெயரில் கடைசி இரண்டெழுத்து. அடுத்தது ஏதோ மாநாட்டுக்கு ‘அலைகடலென’, அதோடு நின்றுவிட்டது. அதற்கும் கீழே கல்லூரிச் சேர்க்கை, கறுப்பு வெள்ளையில் ஒரு வயதான அம்மா, மூலம் பவுத்திரத்துக்கு ஒரே ஊசி. விரலால் தட்டினால் அட்டைபோலச் சத்தம் கேட்கும். பசையும் பேப்பரும் மாறிமாறி உலர்ந்து உண்மையிலேயே அட்டை ஆகியிருக்கும்.

அந்த அட்டை கனம் ஏறினால் ஒருநாள் மழையில் ஊறி மொத்தமாகச் சரியும், சரியும்போது சுண்ணாம்பையும் சமயத்தில் பூச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். சுத்தம் செய்ய வருகிறவர்கள் தண்ணீர் அடித்து ஊறவிட்டு, தகட்டால் கீழிருந்து மேலாகச் சுரண்டுவார்கள். ஊறவிடாமல் சுரண்டினால் மேல் தோல் மட்டும் வரும், முகமில்லாத வெள்ளைத் திட்டுகள் சுவரில் தங்கும். பசையைக் கழுவாமல் விட்டால் மழைக்காலத்தில் அந்த நாற்சதுரத்தில் மட்டும் கறுப்பாகப் பூஞ்சை ஏறும்.

பிறகு வெள்ளையடிப்பார்கள். புதுச் சுண்ணாம்புச் சுவர்தான் ஒட்டுகிறவருக்குப் பெரிய தலைவலி. பசை சுண்ணாம்புப் பொடியைப் பிடித்துக்கொள்ளும், பொடி சுவரைப் பிடித்துக்கொள்ளாது. காலையில் போஸ்டர் முதுகில் வெள்ளையோடு தரையில் கிடக்கும். அதனால் அப்படிப்பட்ட சுவரில் முதல் ஆளாகப் போவதற்கு யாருக்கும் ஆசை கிடையாது. தண்ணீரில் நீர்த்த பசையை ஒரு தடவை பூசிக் காயவிட்டு அதன்மேல் ஒட்டலாம், ஆனால் ராத்திரி ஓட்டத்தில் காயும்வரை யார் நிற்பது? முதல் போஸ்டர் எப்படியோ தங்கிவிட்டால் இரண்டாவதுக்குக் கவலை இல்லை. காகிதத்தின்மேல் காகிதம் பிடிக்கிற மாதிரி வேறு எதுவும் பிடிக்காது.